இறாலின் உள்ளார்ந்த நோயெதிர்ப்பு

இறாலின் உள்ளார்ந்த நோயெதிர்ப்பு என்பது, உடலில் நுழையும் கிருமியைப் பிறவியிலேயே அமைந்த உணர்விகளால் இனங்கண்டு எதிர்க்கும் தற்காப்பு. மனிதரிடம் இது முதல் அரண். அதன் பின்னே எதிர்ப்பொருள்களும் நினைவணுக்களும் உள்ளன. இறாலுக்கு அவை இல்லை. காரைக்கால், நாகப்பட்டினம் உள்ளிட்ட காவிரிப்படுகைக் கடலோர இறால் பண்ணைகளில் வளர்க்கப்படும் இறாலின் உடலுக்குள் இருக்கும் ஒரே அரண் இதுவே.

வெண்புள்ளி நோய்

இந்த அரணுக்குப் பெரும் சோதனையானது வெண்புள்ளி நோய். 1990களின் தொடக்கத்தில் கிழக்காசியாவில் தோன்றிய இது, 1994-95இல் இந்தியக் கிழக்குக் கடற்கரையை எட்டி, டைகர் இறால் வளர்ப்பை நிலைகுலையச் செய்தது. நோய்க்காரணி, ஏறத்தாழ 3 லட்சம் கார இணைகள் கொண்ட டி.என்.ஏ. வைரஸ். நோயுற்ற இறால் தீவனம் எடுக்காது, கரையோரம் ஒதுங்கும், ஓட்டில் வெண்புள்ளிகள் தோன்றும். 3 முதல் 10 நாள்களுக்குள் குளமே மடியக்கூடும்.

கண்டறிதலும் எதிர்ப்பும்

இறாலின் மேலோடும் குடற்சவ்வும் முதல் தடை. அவற்றைக் கடக்கும் கிருமியின் மூலக்கூறு வடிவங்களை இறாலின் இரத்த அணுக்கள் அடையாளம் காண்கின்றன. உடனே 'டோல்' எனும் சமிக்ஞை வழித்தடம் விழித்துக் கிருமிக்கொல்லிப் புரதங்களைச் சுரக்கச் செய்கிறது. பழ ஈயில் இவ்வழித்தடத்தின் காவல் பணியை 1996இல் வெளிப்படுத்திய ஜூல்ஸ் ஹாஃப்மன், 2011இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வைரஸ் பெருகும்போது செல்லுக்குள் ஈரிழை ஆர்.என்.ஏ. உருவாகிறது. 'டைசர்' நொதி அதைத் துண்டாக்க, 'ஆர்கோநாட்' புரதம் அத்துண்டுகளைக் கொண்டே வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தேடி அழிக்கிறது. தொற்றுக்குள்ளான செல் தன்னையே மாய்த்துக்கொண்டு பரவலைத் தடுப்பதும் உண்டு.

ஆனால் வெண்புள்ளி வைரஸ் இச்செல் மரணத்தைத் தடுக்கும் புரதங்களை உற்பத்தி செய்கிறது. இறாலின் எச்சரிக்கைப் புரதமான 'ஸ்டாட்'டைத் தன் முதல் மரபணுக்களை இயக்கவே பயன்படுத்திக்கொள்கிறது.

பண்ணையில் காப்பு

எதிர்ப்பொருளை உண்டாக்கும் வழக்கமான தடுப்பூசி இறாலுக்குப் பொருந்தாது. ஈரிழை ஆர்.என்.ஏ. ஊசியால் செலுத்தப்பட்ட ஆய்வக இறால்கள் வைரஸ் தொற்றியும் பிழைத்துள்ளன; ஆனால் லட்சக்கணக்கான இறால்களுக்கு ஊசி போட இயலாது. எனவே வைரஸ் குளத்துக்குள் வராமல் தடுப்பதே உறுதியான வழி.

2009இல் வன்னாமி என்னும் வெளிநாட்டு இறால் இனத்தை வளர்க்க அனுமதி கிடைத்தபின், இறக்குமதியாகும் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதிக்கப்படுகின்றன. குஞ்சுகளுக்கு வைரஸைக் கண்டறியும் பி.சி.ஆர். பரிசோதனையும், குளங்களுக்கு நண்டு வேலியும் பறவை வலையும் தேவை. நோயற்ற குஞ்சு என்பதால் நோயைத் தாங்கும் என்று பொருளல்ல. உயிர்வளிக் குறைவும் அம்மோனியாவும் இறாலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். நோய் கண்ட குளத்து நீரைக் கிருமிநீக்கம் செய்யாமல் வாய்க்காலில் திறந்தால், அதே வாய்க்காலில் நீரெடுக்கும் அடுத்த பண்ணையும் அழியக்கூடும்.