பூக்காரர் எடுத்த விழா

தில்லியில் மைய அரசு அலுவலகங்களில் பணியாற்றும் தமிழர்க்கு ஊர் என்று ஒன்று உண்டா என்னும் வினா நம் உள்ளத்தில் அவ்வப்போது எழுவதுண்டு. பிறந்த ஊர் விடுமுறைக்குச் செல்லும் ஊராகிவிட்டது. வாழும் ஊரோ, பணி ஓய்வு பெற்றதும் வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு நீங்க வேண்டிய ஊர். சென்ற ஆண்டு, இராமகிருஷ்ணபுரத்து நண்பர்கள் சிலர் கூடி, நம் பகுதிக்கென்று ஒரு திருவிழா எடுத்தால் என்ன என்று எண்ணியபோது இவ்வினா மீண்டும் தலைதூக்கியது.

இராமகிருஷ்ணபுரத்தில் வரலாறு ஏது, அரசுக் குடியிருப்புகள்தாமே உள்ளன என்று வினவுவோர் இருக்கலாம். ஐந்தாம் செக்டாரில் வசீர்பூர் கும்பத் என்னும் லோதி காலக் கல்லறை மண்டபம் இருக்கிறது; அதன் அருகிலேயே ஒரு பழைய படிக்கிணறும் உண்டு. தலைக்கூரையின்றி நிற்பதால் 'மொட்டைக் கும்பத்' என்று பொருள்படும் முண்டா கும்பத் இருக்கிறது. மூன்றாம் செக்டாரில் பிஜ்ரி கானின் கல்லறை இருக்கிறது. முருகப்பெருமான் குன்றேறி நிற்கும் மலை மந்திரோ 1973இல்தான் குடமுழுக்குக் கண்டது. ஆயினும் அதற்குள் அதுவும் இப்பகுதியின் பழமைகளுள் ஒன்றுபோல் ஆகிவிட்டது.

விழாத் திட்டத்தை வரையும் பொறுப்பு நம்மிடம் வந்தது. கோப்புகளோடு பழகிய கை அல்லவா, இரண்டே இரவில் வரைந்து முடித்தோம். கும்பத்துகளுக்கு ஒளி அலங்காரம், அறிஞர் உரை, சிறுவர்க்கு ஓவியப் போட்டி, கலைநிகழ்ச்சி, நன்றியுரை. படித்துப் பார்த்த மூத்த நண்பர் ஒருவர், "தம்பி, மெஹ்ரௌலியில் நடக்கும் பூவிழாவைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்துவிட்டு வந்து இதை மீண்டும் எழுதுங்கள்" என்று கூறித் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். அதனால் விளைந்ததே இக்கட்டுரை.

தில்லியின் நகரங்களுள் மிகத் தொன்மையானது மெஹ்ரௌலி. பதினோராம் நூற்றாண்டில் தோமர மன்னன் அனங்கபாலன் எழுப்பிய லால்கோட் கோட்டையின் இடிபாடுகள் அங்குதான் உள்ளன. குத்புத்தீன் ஐபக் தொடங்கி இல்துத்மிஷ் உயர்த்திய குதுப்மினார் அங்குதான் எழுபது மீட்டருக்கும் மேலாக ஓங்கி நிற்கிறது. அதற்கும் எண்ணூறு ஆண்டுகளேனும் மூத்த இரும்புத் தூண், துருவேறாமல் அதன் காலடியில் நிற்கிறது. இல்துத்மிஷ் 1230ஆம் ஆண்டையொட்டி வெட்டிய ஷம்சி ஏரியும், அதன் கரையில் ஜஹாஸ் மஹாலும் உள்ளன. இவற்றுக்கு நடுவே, 1235இல் மறைந்த சூஃபிப் பெரியார் குத்புத்தீன் பக்தியார் காகியின் தர்காவும், கண்ணபிரானின் தங்கையாகக் கருதப்படும் யோகமாயை அம்மையின் கோவிலும் நடந்தே சென்றுவரும் தொலைவில் அமைந்துள்ளன. நம்மைப் போன்றோர் திட்டம் வரைந்திருந்தால் குதுப்மினாரையே முதலில் வைத்திருப்போம். ஆனால் அவ்வூர் மக்களின் பெருவிழா மினாரின் பெயரால் அமையவில்லை. 'பூல்வாலோன் கீ சைர்' என்பது அதன் பெயர். பூக்காரர்களின் உலா என்பது பொருள்.

விழா பிறந்த கதை சுவையானது. 1806 முதல் 1837 வரை ஆண்ட இரண்டாம் அக்பர் ஷா பெயரளவில்தான் பேரரசர். உண்மையில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் உதவித்தொகை பெற்று வாழ்ந்தவர். அத்தொகையை உயர்த்தித் தரக் கோரி வாதாடுவதற்காக இராம்மோகன் ராய்க்கு 'ராஜா' என்னும் பட்டமளித்து 1830இல் இங்கிலாந்துக்கு அனுப்பியவர் இவரே. ஓய்வூதிய உயர்வுக்கு மனுப் போடும் வழக்கம் அரண்மனையிலேயே இருந்திருக்கிறது என்பதைப் படிக்கையில் நம் போன்றோர்க்குச் சற்று ஆறுதலே!

இவர் தம் இளைய மகன் மிர்சா ஜஹாங்கீரைப் பட்டத்துக்கு உரியவனாக்க விரும்பினார். கம்பெனி இணங்கவில்லை. துடுக்கு மிக்க அவ்விளவரசன், ரெசிடெண்ட் பதவியிலிருந்த ஆர்ச்சிபால்ட் சீட்டனை இழிவாகப் பேசியதோடு நில்லாமல், செங்கோட்டையில் அவர்மீது துப்பாக்கியாலும் சுட்டான் என்பர். குறி தவறியது, இளவரசன் அலகாபாத்துக்கு நாடு கடத்தப்பட்டான். மகன் மீண்டால் பக்தியார் காகியின் தர்காவுக்கு மலர்ப் போர்வை சாத்துவதாகத் தாய் மும்தாஜ் மஹல் வேண்டிக்கொண்டாள். மகன் மீண்டான். 1812இல் வேண்டுதல் நிறைவேற்றப்பட்டது. செங்கோட்டையிலிருந்து மெஹ்ரௌலி ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அரசகுடும்பம் புறப்பட, நகரமே உடன் புறப்பட்டதாம்.

பிள்ளைக்காகத் தாய் நேர்ந்துகொள்வது நமக்குப் புதிதன்று. சமயபுரத்துப் பூச்சொரிதலை அறிந்தவர்க்கு இப்போர்வையின் பொருளை விளக்கவும் வேண்டுவதில்லை. ஆனால் அரசியின் வேண்டுதல் மலர்ப் போர்வை மட்டுமே. தர்காவுக்குச் சென்ற அந்தக் காணிக்கையோடு, மலர்களால் ஆன ஒரு விசிறியைத் தாமாகவே சேர்த்துக் கட்டி அனுப்பியவர்கள் பூக்காரர்கள் என்றே கதை கூறுகிறது. அரசரும் மக்களும் அதைக் கண்டு மகிழ்ந்தனர். அதே போன்ற மலர்விசிறி ஒன்றை யோகமாயை கோவிலுக்கும் அரசர் அளித்தார். விசிறியை அங்கே 'பங்கா' என்பர். பழைய கச்சேரிகளில் கூரையிலிருந்து தொங்கி ஆடிய பங்காவைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம், இது வேறு. நம் கோவில்களில் சுவாமி புறப்பாட்டின்போது ஏந்திவரும் ஆலவட்டத்தை நினைவூட்டுவது. மூங்கில் சட்டத்தின்மீது மலரும் சரிகைத்தாளும் வேய்ந்து, உயர்ந்த கழியில் ஏற்றி, ஷெனாய் முழங்க எடுத்துச் செல்வர்.

இரண்டு தலங்கள், இரு சமயத்தார், காணிக்கையோ ஒன்றே. இவ்விழாவை அரசர் ஆண்டுதோறும் நடத்தச் செய்தார். மழைக்காலத்தின் இறுதியில் ஒரு வார காலம் மெஹ்ரௌலி விழாக்கோலம் பூண்டது. மாந்தோப்புகளில் ஊஞ்சல் கட்டினர். ஷம்சி ஏரியின் நீர் வழிந்தோடும் 'ஜர்னா' என்னும் அருவித் தோட்டத்தில் இளைஞர் குதித்து நீராடினர். மற்போரும் காற்றாடிப் போட்டியும் நடந்தன. கடாய்களில் பலகாரம் பொரிந்தது. உருது உரைநடை வல்லுநர் மிர்சா பர்ஹத்துல்லா பேக், பகதூர் ஷா காலத்து விழாவை நேரில் கண்டாற்போல் எழுதி வைத்திருக்கிறார்.

யாரைக் காரணமாகக் கொண்டு இவ்விழா தோன்றியதோ, அந்த மிர்சா ஜஹாங்கீர் திருந்தவில்லை. மீண்டும் அலகாபாத்துக்கே அனுப்பப்பட்டு, குடிப்பழக்கத்தால் 1821இல் மாண்டான். பட்டம் மூத்தவர் பகதூர் ஷா ஜஃபருக்கே போயிற்று. மெஹ்ரௌலியில் தம் தந்தையார் கட்டிய மாளிகைக்கு உயர்ந்த வாயில் எழுப்பியவர் அவர். தர்காவை ஒட்டி முன்னோர் கல்லறைகளின் நடுவே தமக்கென்றும் ஓர் இடம் குறித்து வைத்திருந்தார். 1857இன் பெருங்கிளர்ச்சிக்குப் பின் அவரை இரங்கூனுக்குக் கடத்தினர். 1862இல் அங்கேயே மறைந்தார். அவர் குறித்து வைத்த இடம் இன்றும் வெறுமையாகவே உள்ளது. நாம் அதன்முன் நின்ற பொழுதில் ஒரு பூனை மட்டும் அங்கே உறங்கிக்கொண்டிருந்தது.

அரச மரபு அழிந்தது, விழா அழியவில்லை. ஆதரித்த அரண்மனை மறைந்த பின்னரும், ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள், பூக்காரரும் கடைவீதியாரும் ஊர்ப் பெரியோரும் விழாவை நடத்திவந்தனர். திட்டம் வரைவோர் கருத வேண்டிய செய்தி இது. பணம் கொடுத்தவர் போனால் விழா நின்றுவிடும் என்று நாம் அஞ்சுகிறோம். இங்கோ பணம் கொடுத்தவர் போனார், பூத்தொடுத்தவர் இருந்தார்.

'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் மூண்ட 1942இல் ஆங்கில அரசு விழாவைத் தடுத்து நிறுத்தியது. தடையினும் கொடியது ஐந்தாண்டு கழித்து வந்தது. 1947இன் கலவரத்தில் மெஹ்ரௌலி முஸ்லிம்கள் தம் வீடுகளை விட்டு ஓடினர். தர்கா தாக்கப்பட்டது, சலவைக்கல்லில் நுணுக்கமாகச் செதுக்கிய பலகணித் தட்டிகள் உடைக்கப்பட்டன. கோவில் இருந்தது, ஏரி இருந்தது, மினார் இருந்தது. விசிறியின் ஒரு பக்கத்தைத் தாங்கவேண்டிய தோள்கள் இல்லை.

1948 சனவரி 13ஆம் நாள் காந்தியடிகள் தில்லியில் உண்ணாநோன்பு தொடங்கினார். அதுவே அவர்தம் இறுதி நோன்பு. 18ஆம் நாள் பல்வேறு சமயத் தலைவர்களும் ஒப்பமிட்டு அளித்த உறுதிமொழியைப் பெற்ற பின்னரே நோன்பை முடித்தார். அவ்வுறுதிமொழியில், குவாஜா குத்புத்தீன் தர்காவில் ஆண்டுதோறும் நடக்கும் உருஸ் விழா முன்போலவே இவ்வாண்டும் நடைபெறும் என்பது தனித்த ஒரு கூறாக இடம்பெற்றிருந்தது. சப்ஜிமண்டி, கரோல்பாக், பஹாட்கஞ்ச் முதலிய பகுதிகளில் முஸ்லிம்கள் முன்போல் நடமாடலாம் என்பதும் அதில் இருந்தது. கரோல்பாக் என்றவுடன் இட்டலிக் கடைகளையும் அகிலாண்டேசுவரியின் பெயரைத் தாங்கிய வாடகை வீடுகளையும் நினைக்கும் நாம், அப்பெயர் அவ்வுறுதிமொழியில் எழுதப்பட வேண்டியிருந்த காலத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

உருஸ் வேறு, பூவிழா வேறு. ஆயினும் ஓர் ஊரின் விழாவை முன்போல் நடக்கச் செய்வது ஒரு மாமனிதர் உயிரைப் பணயம் வைத்துக் கேட்ட கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று என்பதை நம்மால் எளிதில் கடந்து செல்ல இயலவில்லை. சனவரி 27ஆம் நாள் அடிகள் மெஹ்ரௌலி உருஸுக்கு நேரில் சென்றார். உடைந்த சலவைக்கற்களைக் கண்டு உளம் நொந்தார். மூன்று நாட்களுக்குப் பின் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பூவிழா மீண்டும் எழப் பின்னும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. பிரதமர் நேரு ஊக்கமளிக்க, 1961-62இல் அது புத்துயிர் பெற்றது. நடத்தும் கழகத்தின் பெயர் 'அஞ்சுமன் சைரே குல்ஃபரோஷான்' என்பது. அப்பெயரிலும் பூ விற்போரே உள்ளனர். பின்னர் மாநிலங்களும் தத்தம் விசிறிகளை அனுப்பும் வழக்கம் தோன்றியது.

விழாநாளில் மெஹ்ரௌலிக் கடைவீதியில் நாம் கண்டது இதுதான். வீதி குறுகலானது, மின்கம்பிகளோ தாழ்வாகத் தொங்குபவை. விசிறி வருமுன் நீண்ட கழி ஏந்திய இளைஞர் இருவர் முன்னே ஓடிக் கம்பிகளை உயர்த்திப் பிடித்தனர். தேரோட்டத்தன்று நம் ஊர்களில் மின்கம்பிகளைக் கழற்றிவைப்பார்களே, அந்நினைவு வந்தது. கம்பியைத் தூக்கியவர்களின் பெயர் எந்த அழைப்பிதழிலும் அச்சாகியிருக்கவில்லை. தெருவோரம் சாமந்தி கோத்துக்கொண்டிருந்த முதியவரை அணுகி, தர்காவுக்கு எந்தப் பூ, கோவிலுக்கு எந்தப் பூ என்று நமக்குத் தெரிந்த இந்தியில் வினவினோம். அவர் கையிலிருந்த ஊசியை நிறுத்தவில்லை. "கூடை ஒன்றுதான், பாபுஜி. மேலே இருப்பதை முதலில் எடுப்போம்" என்றார். சற்றுப் பொறுத்து, "உங்கள் பகுதியில் பூக்கட்டுபவர் யார்?" என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை.

நாள்தோறும் மலை மந்திருக்குப் போகும் வழியில் பூ வாங்குகிறோம். விற்பவரின் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. படிக்கிணற்றையும் கும்பத்துகளையும் நாம் வருமுன்பே அறிந்தவர்கள், நம் குடியிருப்புகளை ஒட்டிய முகம்மத்பூர், முனிர்க்கா முதலிய கிராமத்தார். நம் திட்டத்தில் அவர்களுக்கென ஒரு வரியும் இல்லை. பார்வையாளர் வரிசையில்கூட இல்லை. நாம் ஓய்வு பெற்றுச் சாவியை ஒப்படைத்த பின்னரும் அவர்கள் இங்கேயே இருப்பர்.

மீண்டும் கூடிய கூட்டத்தில் பழைய தாளை ஒதுக்கிவிட்டோம். அறிஞர் உரை நீடிக்கட்டும் என்று நண்பர் ஒருவர் வாதாடினார்; நாமும் இசைந்தோம், கால் மணி நேரம் என்னும் வரம்போடு. பின்னர் ஒரு புதிய தாளில் பெயர்களை எழுதத் தொடங்கினோம்: பூ விற்கும் அம்மையார், கிணற்றருகே தேநீர் விற்பவர், முகம்மத்பூரின் இரு முதியோர், சலவைக்கடைக்காரர். ஒவ்வொரு ஞாயிறும் நடந்து சென்று கேட்டு எழுதுகிறோம். பதினொரு பெயர்கள் சேர்ந்துள்ளன. விழாவுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.