பங்க்: உடையா, கொள்கையா, இசையா?

பங்க் என்றதும் ஊக்குகள் குத்திய கிழிந்த சட்டையே பலர் நினைவுக்கு வரும். அதற்கும் காரணமுண்டு. லண்டன் கிங்ஸ் வீதியில் மல்கம் மக்லாரனும் விவியன் வெஸ்ற்வூட்டும் நடத்திய உடைக்கடையைச் சுற்றியே 1975இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு உருவாயிற்று. ஆயினும் உடையை எவரும் விலைக்கு வாங்கலாம். கொள்கையிலும் ஒருமைப்பாடில்லை: 1977இல் தோன்றிய கிராஸ் குழு அரசே வேண்டாமென்றது, நியூயோர்க் றமோன்ஸ் குழுவின் ஜொனியோ குடியரசுக் கட்சியை ஆதரித்தார். எஞ்சுவது இசை. றமோன்ஸ் 1976இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் 14 பாடல்கள். மொத்தம் ஏறத்தாழ 29 நிமிடங்களே. இந்த எளிமைதான் பயிற்சியற்ற இளைஞருக்கும் கிற்றாரைத் தொடும் துணிவைத் தந்தது. மான்செஸ்ரரின் பஸ்கொக்ஸ் குழு 1977 ஜனவரியில், கடன்பெற்ற 500 பவுணில் தன் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. பெரிய கம்பனிகளின் வாசலில் காத்து நிற்காத அத்துணிவையே நான் பங்க் என்பேன். அதைப் பிறப்பித்தது இசையே.