சிவகங்கை 1801: கோடரி தோற்றது, பட்டம் வென்றது

பீரங்கி வைத்திருந்த ஆங்கிலேயருக்குக் கோடரி எதற்கு? வறண்ட சிவகங்கைச் சீமைக்குக் காடுதான் அரண். 1801 ஆகஸ்டில் கர்னல் அக்னியூவின் கும்பினிப் படை, காரைக்குடி அருகே சின்ன மருதுவின் ஊரான சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்றது. ஒரு மாதம் வெட்டியும் முடியவில்லை. படை பின்வாங்கியது.

அடுத்து வந்தது ராஜதந்திரம். மருது சகோதரர்கள் ராணி வேலு நாச்சியாரின் பிரதானிகள். அரச குடும்பத்தினர் அல்லர். அதுதான் அவர்களின் பலவீனம். செப்டம்பரில் சோழபுரத்தில், அரச குடும்பத்து உறவினரான படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கையின் வாரிசாகக் கும்பினி அறிவித்தது. மக்களில் ஒரு பகுதியினர் அவர் பக்கம் சாய்ந்தனர். அக்டோபர் 1-ல் காளையார்கோவில் வீழ்ந்தது. 24-ம் தேதி திருப்பத்தூரில் மருதுவர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

உடையத் தேவருக்குக் கிடைத்தது என்ன? 1803-ல் ஜமீன்தார் பட்டம். அரசுரிமை கேட்டவர், கும்பினிக்கு ஆண்டுதோறும் கிஸ்தி கட்டுபவர் ஆனார். மருதுவரும் தோற்றனர், வாரிசும் தோற்றார். வென்றது கும்பினி மட்டுமே.