பீற்றர் லோரே: இரண்டு முறை புலம்பெயர்ந்தவர்

'கசபிளாங்கா' (1942) படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். பயணப் பத்திரத்துக்காக ஏங்கிக் கிடக்கும் அகதிகள் நடுவே அதை விற்றுப் பிழைக்கப் பார்க்கும் உகார்த்தே என்றொரு சிறிய மனிதன் அதில் வருவான். பெரிய கண்கள், குழைந்த குரல். நாம் கண்ட ஏஜென்சிக்காரர் யாராவது நினைவுக்கு வரக்கூடும். அந்த வேடத்தில் நடித்த பீற்றர் லோரேயும் ஓர் அகதிதான்.

1904இல், இன்றைய ஸ்லோவாக்கியாவிலுள்ள ஓர் ஊரில், ஜேர்மன் மொழி பேசும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பெர்லினில் பிறெக்டுடன் நாடகங்களில் பணியாற்றினார். 1931இல் பிரிட்ஸ் லாங்கின் 'எம்' படத்தில் குழந்தைகளைக் கொல்பவனாக நடித்துப் பெரும் புகழ் பெற்றார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் வெளியேறினார். நாசிகள் அப்போதும் அவரை விடவில்லை. 1940இல் யூதர்களுக்கு எதிராக எடுத்த பிரசாரப் படமொன்றில் 'எம்' படக் காட்சியை வெட்டிச் சேர்த்தார்கள்.

பாரிஸ், லண்டன், பிறகு ஹொலிவூட். லண்டனில் ஹிட்ச்கொக்கின் படத்தில் நடித்தபோது ஆங்கிலம் சரியாகத் தெரியாமல் வசனங்களை ஒலியாகவே பாடமாக்கினார். அமெரிக்காவில் பெரும்பாலும் அந்நியன் வேடங்களே கிடைத்தன. 1937 முதல் 1939 வரை எட்டுப் படங்களில் ஜப்பானியரான மிஸ்டர் மோட்டோவாக வந்தார். அவருடைய உச்சரிப்பே அவருக்குச் சோறு போட்டது. வேறு வேடங்களுக்குப் போகவிடாமல் மறித்ததும் அதுதான்.

போர் முடிந்தபின் லோரே ஜேர்மனிக்குத் திரும்பினார். 1951இல் 'தொலைந்தவன்' என்று பொருள்படும் 'டெர் பெர்லோரனே' படத்தை இயக்கி, தானே நடித்தார். அவர் இயக்கிய ஒரே படம் அது. நாசி ஆட்சியில் தன் காதலியைக் கொன்ற ஒரு விஞ்ஞானி. அவனது ஆராய்ச்சி தேவைப்பட்டதால் அதிகாரம் அந்தக் கொலையை மறைத்துவிடுகிறது. போருக்குப்பின் அகதிமுகாமொன்றில் வைத்தியனாக இருக்கும்போது பழையது அவனைத் தேடிவருகிறது.

படம் ஓடவில்லை. போர் முடிந்து ஆறு வருடங்களே ஆகியிருந்தன. சனங்கள் அதைப் பார்க்க விரும்பவில்லை. அடுத்த ஆண்டு 'கசபிளாங்கா' மேற்கு ஜேர்மனியில் திரையிடப்பட்டபோது நாசிகள் வரும் காட்சிகளையே வெட்டிவிட்டிருந்தார்கள். லோரே மீண்டும் அமெரிக்கா போனார். 1964இல் அங்கேயே இறந்தார்.

ஊருக்குத் திரும்புவதைப்பற்றி நாமும் கதைத்துக்கொண்டே இருக்கிறோம். நம் ஊரிலும் பேசப்படாத கொலைகள் இருக்கின்றன. அவற்றைப் பேச ஒருவன் திரும்பிப் போனால் இருந்து கேட்க யார் வருவார்கள்? இங்கே நம் மண்டபங்களில் பேசினால் நாமாவது எழும்பிப் போகாமல் இருப்போமா?