முத்துக்குள் புழு இருந்ததா?

வேறு எதையோ தேடப் போய், மன்னார் வளைகுடா முத்துச்சிப்பிகளைப் பற்றிய ஒரு பழைய ஆங்கில அறிக்கையில் மாட்டிக்கொண்டேன். லண்டன் ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டது. மூன்று சனி, ஞாயிறு அதிலேயே போய்விட்டது. நான் உயிரியல் படித்தவன் இல்லை, கோட் எழுதுகிறவன். ஆனாலும் இந்தக் கதை எனக்கு ரொம்பப் பழக்கமானதாகத் தோன்றியது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்ப்போம். இலங்கைப் பக்கத்து முத்துக்குளிப்பு ஆங்கில அரசுக்கு நல்ல வருமானம். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, மீதி ஒரு பங்கு குளியாட்களுக்கு. அரசின் பங்கை அன்றன்றே ஏலம் விடுவார்கள். ஆனால் 1891-க்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. கடலடிப் பார்களில் குஞ்சுச் சிப்பிகள் கோடிக்கணக்கில் தெரியும். அடுத்த தடவை போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

காரணம் கண்டுபிடிக்க லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனை அழைத்தார்கள். 1902 ஜனவரியில் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெல்லுடன் வந்தார். 'லேடி ஹேவ்லாக்' என்ற நீராவிக் கப்பலில் பார் பாராகச் சுற்றினார்கள். ஹெர்ட்மன் சில மாதங்களில் ஊர் திரும்பிவிட்டார். ஹோர்னெல் இங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார். பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு இயக்குநர் ஆனவர் இவர்தான்.

இவர்கள் கடலடியில் பார்த்த விஷயங்கள் அருமையானவை. கரையிலிருந்து தொலைவில் இருக்கும் பெரிய பாரில் குஞ்சுகள் திரும்பத் திரும்ப வந்து ஒட்டுகின்றன, தென்மேற்குப் பருவக்காற்று வந்தால் மணலோடு அடித்துப் போகின்றன. தப்பியதைக் கிளாத்தி, திருக்கை, நட்சத்திர மீன் எல்லாம் தின்கின்றன. அதனால், அழியப்போகும் இடத்திலிருந்து குஞ்சுகளை அள்ளிப் பாதுகாப்பான பாருக்கு மாற்றுங்கள், ஒட்டுவதற்குக் கல்லும் கிளிஞ்சலும் போடுங்கள் என்றார் ஹெர்ட்மன். நிதானமான ஆலோசனை.

ஆனால் உலகம் பேசியது இன்னொரு முடிவைப் பற்றி. முத்து எப்படி உண்டாகிறது? மணல் துகள் உள்ளே போவதால் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. 1850-களின் கடைசியிலேயே இலங்கையில் பிறந்த ராணுவ மருத்துவர் கெலார்ட், சிப்பிக்குள் இருக்கும் ஒட்டுண்ணிப் புழுக்களுக்கும் முத்துக்கும் தொடர்பு உண்டு என்று எழுதியிருந்தார். ஹெர்ட்மனும் ஹோர்னெல்லும் அதை மேலே கொண்டுபோனார்கள். சிப்பியின் திசுவில் உருண்டை உருண்டையாக நாடாப்புழுவின் இளம்பருவங்கள் கிடந்தன. முத்தை அமிலத்தில் கரைத்துப் பார்த்தபோது நடுவில் புழுவின் மிச்சம் இருப்பதாக அவர்களுக்குத் தெரிந்தது. நல்ல முத்துகளில் பெரும்பாலானவை இந்தப் புழுவைச் சுற்றி உண்டானவை என்று முடிவு கட்டினார்கள். வளர்ந்த புழு திருக்கையின் குடலில் இருக்கிறது என்றும் சொன்னார்கள். புழுவுக்கு வைத்த லத்தீன் பெயரின் பொருளே 'முத்துண்டாக்கி'தான்!

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு வசதியான கோட்பாடு! சிப்பிக்கு நோய் வந்தால் மனிதனுக்கு லாபம். புழுவைப் பரப்பத் தெரிந்தால் முத்தைப் பெருக்கலாம். கெலார்ட்டுக்கே அந்த யோசனை இருந்தது.

நேரமும் கூடி வந்தது. 1903-இல் முத்துக்குளிப்பு மீண்டும் தொடங்கியது. 1905-இல் மட்டும் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். 1906-இல் லண்டன் கம்பெனி ஒன்று ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகையில் 20 வருடத்துக்குப் பார்களைக் குத்தகை எடுத்தது. 1907-இலும் எடுத்தார்கள். அதோடு சரி. சிப்பி தீர்ந்தது, சில வருடங்களில் கம்பெனியும் மூடப்பட்டது. அடுத்த முத்துக்குளிப்பு 1925-இல்தான்.

புழுவின் கதையும் நிற்கவில்லை. லிஸ்டர் ஜேம்சன் என்ற விலங்கியலாளர் இலங்கை முத்துகளை மறுபடி வெட்டி ஆராய்ந்து 1912-இல் எழுதினார். புழு என்று சொல்லப்பட்ட நடுப்பகுதிகளில் பெரும்பாலானவை புழுவே அல்ல, சிப்பி தன் ஓட்டுக்குச் சுரக்கும் பொருளே சற்று மாறிப் படிந்தது என்றார். இதில் ஒரு வேடிக்கை: கிளிஞ்சல் வகை ஒன்றின் முத்துக்கு வேறொரு ஒட்டுண்ணிதான் காரணம் என்று 1902-இல் எழுதியவரும் இதே ஜேம்சன்தான்!

சரியான விடை ஜப்பானில் கிடைத்தது. 1907 வாக்கில் நிஷிகாவா என்ற உயிரியலாளரும், மிசே என்ற தச்சரும் தனித்தனியே ஒரே முறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஓட்டைச் சுரப்பது மாண்டில் என்ற மெல்லிய திசு. அதில் ஒரு துண்டை வெட்டி, ஒரு சிறு மணியோடு சிப்பியின் உடலுக்குள் வைத்தால், அந்தச் செல்கள் மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து முத்துப்பொருளைச் சுரக்கும். முக்கியம் அந்தச் செல்கள்தான். அவை இடம் மாறி உள்ளே போகப் புழுவும் காரணமாகலாம், வேறொரு காயமும் காரணமாகலாம். நம்ம பக்கத்தில் 1973-இல் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி இந்த வழியில் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்து அப்போது 12 வருடம் ஆகியிருந்தது.

இப்போது அந்தப் பழக்கமான விஷயம். ஒருமுறை சர்வர் அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் லாகில் ஒரே எச்சரிக்கை. அதுதான் காரணம் என்று இரண்டு வாரம் அதையே துரத்தினேன். சர்வர் நன்றாக ஓடிய நாட்களிலும் அதே எச்சரிக்கை வந்திருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. முத்தே இல்லாத சிப்பியிலும் புழு உண்டு.

ஹெர்ட்மனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பருவக்காற்று, மீன்கள், குஞ்சுகளை இடம் மாற்றுவது பற்றி அவர் எழுதிய பக்கங்களை இன்றும் படிக்கலாம். அவற்றில் சிப்பி எப்படிப் பிழைக்கும் என்ற கேள்வி இருக்கிறது. கவனம் பெற்றது, சிப்பியிலிருந்து முத்து எப்படி வரும் என்ற கேள்வி. ஒரு முத்துச்சிப்பி நன்கு முத்து தர நான்கைந்து வருடம் ஆகும். 1903 முதல் 1907 வரை ஒரு வருடம்கூட விடாமல் எடுத்தவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாமல் இல்லை.