உயிர் என்னும் சொல்

'அரசன் இறந்தான், அவன் உயிர் பிரிந்தது.' இவ்வாறு கூறுமிடத்து 'இறந்தான்' என்பது உயர்திணை; 'பிரிந்தது' என்பது அஃறிணை. மன்னனாயினும் வறியனாயினும் அவனுயிர் 'அது'வே. உயிர் பிரிந்தான் என எவரும் கூறார்.

இவ்வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. காலம், உலகம், உடம்பு முதலியவற்றோடு உயிரையும் சேர்த்து, இவை மக்களைச் சார்ந்து வரினும் ஆண், பெண் எனப் பால் பிரிந்து இசையா என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் விதித்துள்ளது. சேனாவரையர் உரையோடு அவ்வதிகாரத்தை 1868இல் அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை.

அந்நூலே புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்கின்றது. அகரம் முதலாகிய 12 எழுத்துக்களுக்கும் உயிரென்றே பெயரிடுகின்றது. மற்றை 18 எழுத்துக்களும் மெய். மெய்யென்பது உடம்புக்கும் பெயரன்றோ! எழுத்துப் பழகும் சிறுவன் அறியாமலே தத்துவமும் பழகுகின்றான்.

சமய நூல்கள் வடமொழி ஆன்மாவைப் பெரிதும் ஆண்டன. தமிழ் விவிலியம் 'ஆத்துமா' என்றது. ஆவி என்னுஞ் சொல் உயிரையுங் குறிக்கும், கொதிக்கும் உலைநீரின் புகையையுங் குறிக்கும். சீவனிலிருந்து வந்த 'சீவியம்' யாழ்ப்பாணத்தார் பேச்சில் அன்றாடப் பிழைப்பாயிற்று.

ஆயினும் கிணற்றில் விழுந்தவனைக் கரையேற்றியதும் சுற்றி நிற்போர், 'ஆன்மா இருக்கிறதா?' என்று கேட்பதில்லை. 'உயிர் இருக்கிறதா?' என்றே கேட்கின்றனர்.