கண்காணிக்கும் கார்கள்: காப்பீட்டுக் கட்டணமும் ஓட்டுநரின் தனியுரிமையும் - முழு விவரம்

சின்னக்கானல் (கேரளம்): தேனி மாவட்டம் போடியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரள எல்லைக்குள் நுழையும் வாகனங்கள், பூப்பாறை, ஆனையிறங்கல் அணை, சின்னக்கானல் பகுதி, கேப் ரோடு ஆகியவற்றைக் கடந்து மூணாறைச் சென்றடைகின்றன. மூடுபனி, குறுகிய வளைவுகள், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சாலையைக் கடக்கும் காட்டு யானைகள் என இப்பாதையில் வாகனம் ஓட்டுவோர் திடீரென பிரேக் பிடிப்பது வழக்கமான ஒன்று. உயிரைக் காக்கும் அந்த பிரேக், காப்பீட்டு நிறுவனத்தின் கணினியில் 'மோசமான ஓட்டுநர்' என்பதற்கான அடையாளமாகப் பதிவானால் என்ன ஆகும்?

இணைய வசதியுடன் கூடிய கார்கள் பெருகிவரும் நிலையில், வாகனங்கள் திரட்டும் தரவுகள் யாரிடம் செல்கின்றன, காப்பீட்டுக் கட்டணத்தை அவை எவ்வாறு பாதிக்கும், சட்டம் அளிக்கும் பாதுகாப்பு என்ன என்பது குறித்து இத்தொகுப்பில் காணலாம்.

கார் எவற்றையெல்லாம் பதிவு செய்கிறது?

தற்போது விற்பனையாகும் பல கார்களில் சிம் கார்டு பொருத்தப்பட்ட தகவல் தொடர்புக் கருவி இடம்பெற்றுள்ளது. வாகனத்தின் இருப்பிடம், வேகம், பயணம் தொடங்கிய மற்றும் முடிந்த நேரம், கடந்த தூரம், திடீர் பிரேக், திடீர் வேகம், வளைவுகளில் திரும்பும் விசை, சீட் பெல்ட் அணிந்த விவரம் உள்ளிட்டவற்றை இத்தகைய கருவிகளால் பதிவு செய்ய முடியும். பழைய கார்களில், ஸ்டியரிங்கின் கீழ்ப்பகுதியில் உள்ள ஓபிடி இணைப்பில் சிறு கருவியைச் செருகியோ, கைப்பேசிச் செயலி மூலமாகவோ இதே தகவல்களைத் திரட்டலாம். இத்தொழில்நுட்பம் 'டெலிமாட்டிக்ஸ்' என அழைக்கப்படுகிறது.

தனித்தனியே பார்க்கும்போது இவை வெறும் எண்களாகத் தோன்றலாம். ஆனால் சில மாதங்களின் பயண விவரங்களை ஒன்றுசேர்த்தால், ஒருவரின் வீடு, பணியிடம், வழிபாட்டுத் தலம், அவர் செல்லும் மருத்துவமனை, இரவில் தங்கும் இடம் ஆகிய அனைத்தையும் அறிந்துகொள்ள முடியும். இருப்பிடத் தரவு தனியுரிமையின் மையப் பிரச்சினையாகக் கருதப்படுவதற்கு இதுவே காரணம்.

கட்டணம் எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146-இன்படி மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயமாகும். இதற்கான அடிப்படைக் கட்டணத்தை மத்திய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிக்கையின்படி, 1,000 சிசி வரையிலான தனியார் கார்களுக்கு ஆண்டுக்கு ரூ.2,094, 1,000 முதல் 1,500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேற்பட்டவற்றுக்கு ரூ.7,897 என நிர்ணயிக்கப்பட்டது. இக்கட்டணத்துக்கும் ஓட்டுநர் வாகனத்தை இயக்கும் விதத்துக்கும் தொடர்பில்லை.

மாறாக, சொந்த வாகனத்துக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டுக் கட்டணத்தை 2007-ஆம் ஆண்டு முதல் நிறுவனங்களே முடிவு செய்கின்றன. வாகனத்தின் மதிப்பு, வயது, பதிவு செய்யப்பட்ட இடம் ஆகியவற்றுடன், முந்தைய ஆண்டுகளில் இழப்பீடு கோராதவர்களுக்கு 20 முதல் 50 சதவீதம் வரை அளிக்கப்படும் தள்ளுபடியும் இதில் கணக்கிடப்படுகிறது. வாகனத் தரவுகளுக்கு இடமளிப்பது இந்தப் பகுதிதான்.

ஐஆர்டிஏஐ அளித்த அனுமதி

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ, 2022 ஜூலையில் சொந்த சேதக் காப்பீட்டுடன் மூன்று கூடுதல் வசதிகளை வழங்க நிறுவனங்களுக்கு அனுமதி அளித்தது. ஓட்டும் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம், ஓட்டும் விதத்துக்கு ஏற்பக் கட்டணம், ஒரே உரிமையாளரின் பல வாகனங்களுக்கு ஒரே பாலிசி ஆகியவையே அந்த மூன்று வசதிகள்.

இவற்றில் முதல் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், தனியுரிமை நோக்கில் இரண்டுக்கும் இடையே பெரும் வேறுபாடு உள்ளது. தூரத்தைக் கணக்கிட ஓடோமீட்டரில் காணப்படும் ஒரேயொரு எண் போதுமானது. சில திட்டங்களில் அதன் புகைப்படமே ஏற்கப்படுகிறது. எங்கு, எப்போது சென்றீர்கள் என்ற விவரம் அதற்குத் தேவையில்லை. ஓட்டும் விதத்தைக் கணக்கிடவோ ஒவ்வொரு பயணமும் தொடர்ச்சியாகக் கண்காணிக்கப்பட வேண்டும்.

தூர அடிப்படையிலான திட்டங்களில் 2,500, 5,000, 7,500 கிலோமீட்டர் போன்ற படிநிலைகள் உள்ளன. தேர்வு செய்த தூரம் முடிந்துவிட்டால் சொந்த சேதப் பாதுகாப்பு தொடருமா, கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டுமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறுபடும். கட்டணம் குறைகிறது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், விபத்து நேரும்போது இழப்பீடு கிடைக்காமல் போகும் அபாயம் உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

மலைப்பாதை ஓட்டுநருக்கு என்ன சிக்கல்?

ஓட்டும் விதத்துக்கு மதிப்பெண் வழங்கும் முறைகள், பொதுவாகத் திடீர் பிரேக், கூர்மையான திருப்பம், இரவு நேரப் பயணம், வேகம் ஆகியவற்றைக் கணக்கில் கொள்கின்றன. சமவெளி நெடுஞ்சாலையில் அடிக்கடி திடீர் பிரேக் பிடிப்பவர், முன்செல்லும் வாகனத்துடன் போதிய இடைவெளி விடாதவராக இருக்கக்கூடும். ஆனால் சின்னக்கானல் பகுதியில் அதே பதிவுக்குக் காரணம் மூடுபனியாகவோ, மண்சரிவாகவோ, யானையாகவோ இருக்கலாம். கொண்டை ஊசி வளைவில் எவ்வளவு நிதானமாகத் திரும்பினாலும் அது கூர்மையான திருப்பமே.

சின்னக்கானல் மக்களுக்குக் கண்காணிப்புக் கருவி புதிதன்று. இப்பகுதியில் சுற்றித்திரிந்த அரிக்கொம்பன் யானை, 2023 ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்டு, கழுத்தில் ரேடியோ காலர் பொருத்தப்பட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. அடுத்த மாதமே அது கம்பம் நகருக்குள் நுழைந்தது. யானை எங்கே இருக்கிறது என்பதைக் காலர் கூறும். ஏன் அங்கு வந்தது என்பதைக் கூறாது. காரில் உள்ள கருவிக்கும் இதே வரம்பு உண்டு. பிரேக் பிடிக்கப்பட்டதை அது அறியும், காரணத்தை அறியாது.

எனவே, சாலையின் தன்மையைக் கணக்கில் கொள்ளாத மதிப்பெண் முறை, மலைப்பகுதியில் வசிப்போருக்குப் பாதகமாக அமையக்கூடும். அதேபோல, இரவுப் பணி முடிந்து வீடு திரும்புவோரும், அவசர மருத்துவத்துக்காக நள்ளிரவில் மலையிறங்குவோரும் தங்கள் தவறின்றியே மதிப்பெண்ணை இழக்க நேரிடலாம்.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

இந்த அச்சம் கற்பனையானதன்று என்பதை அமெரிக்க அனுபவம் காட்டுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனக் கார்களின் ஓட்டுநர் தரவுகள், லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் ஆகிய தரவு நிறுவனங்கள் வழியாகக் காப்பீட்டு நிறுவனங்களைச் சென்றடைந்ததை 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. காப்பீட்டுக் கட்டணம் 21 சதவீதம் உயர்ந்ததால் காரணம் தேடிய கார் உரிமையாளர் ஒருவர், தன்னைப் பற்றிய 258 பக்க அறிக்கையைப் பெற்றார். ஆறு மாதங்களில் அவரும் அவரது மனைவியும் மேற்கொண்ட 640 பயணங்களின் நேரம், தூரம், திடீர் பிரேக் விவரங்கள் அதில் இடம்பெற்றிருந்தன.

இதைத் தொடர்ந்து தரவுப் பகிர்வை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுத்தியது. 2024 ஆகஸ்டில் டெக்சாஸ் மாகாண அரசு அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. சில வாகனங்களில் 3 விநாடிக்கு ஒருமுறை என்ற அளவில் இருப்பிடத் தரவு திரட்டப்பட்டதாகக் குற்றம்சாட்டிய அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், ஓட்டுநர்களின் இருப்பிட மற்றும் நடத்தைத் தரவுகளை நுகர்வோர் மதிப்பீட்டு நிறுவனங்களுக்கு வழங்க ஐந்தாண்டுத் தடை விதிக்கும் உத்தரவை 2025 ஜனவரியில் அறிவித்தது.

முன்னதாக, 2023 செப்டம்பரில் மொசில்லா அறக்கட்டளை ஆய்வு செய்த 25 கார் நிறுவனங்களில் ஒன்றுகூடத் தனியுரிமைத் தேர்வில் தேறவில்லை. ஜெர்மனியில், ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மென்பொருள் பிரிவு சேமித்துவைத்திருந்த சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் தரவு பாதுகாப்பின்றி இணையத்தில் இருந்தது 2024 டிசம்பரில் தெரியவந்தது.

இந்தியாவில் விற்கப்பட்ட வாகனத் தரவு

இந்தியாவில் வாகன உரிமையாளர்களின் தரவைக் கட்டணத்துக்கு வழங்கியது அரசே ஆகும். மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சகம், வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமம் தொடர்பான 'வாகன்', 'சாரதி' தரவுத்தளங்களை மொத்தமாகப் பகிர்வதற்கான கொள்கையை 2019 மார்ச்சில் வெளியிட்டது. இதன்படி வணிக நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு ரூ.3 கோடி கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது. தரவுத்தளங்களை அணுக 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் அனுமதி அளித்ததன் மூலம் சுமார் ரூ.65 கோடி வருவாய் கிடைத்ததாக, 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. தனியுரிமை மற்றும் தவறான பயன்பாடு குறித்த கவலைகளை அடுத்து, 2020 ஜூனில் இக்கொள்கை கைவிடப்பட்டது.

வாடகை ஜீப்களுக்குக் கட்டாயக் கருவி

தனியார் கார்களில் கண்காணிப்பு என்பது பெருமளவு விருப்பத்தைச் சார்ந்தது. ஆனால், பயணிகளை ஏற்றும் பொதுச் சேவை வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரகாலப் பொத்தானும் இருக்க வேண்டும் என மத்திய மோட்டார் வாகன விதி 125-எச் கூறுகிறது. ஆட்டோக்கள் போன்றவற்றுக்கு இதில் விலக்கு உண்டு. பெண் பயணிகளின் பாதுகாப்பே இவ்விதியின் முதன்மை நோக்கம். கேரளத்தில் மோட்டார் வாகனத் துறை 'சுரக்ஷா மித்ர' என்ற பெயரில் இக்கண்காணிப்பை மேற்கொள்கிறது.

சுற்றுலா ஜீப்களும் டாக்சிகளும் பலருக்கு வாழ்வாதாரமாக உள்ள இப்பகுதியில், வாகன உரிமையாளர் ஒருவராகவும் ஓட்டுநர் மற்றொருவராகவும் இருப்பது இயல்பு. செயலியில் ஒப்புதல் அளிப்பவர் உரிமையாளர்; நொடிக்கு நொடி பதிவாவது ஓட்டுநரின் நடத்தை. மதிப்பெண் குறைந்தால் உரிமையாளருக்குக் கட்டணம் உயரலாம். ஓட்டுநருக்கோ வேலையே பறிபோகலாம்.

இதனிடையே, போக்குவரத்து விதிமீறல்களின் அடிப்படையில் தனிக் கட்டணம் வசூலிக்கலாம் என ஐஆர்டிஏஐ அமைத்த பணிக்குழு 2021-இல் பரிந்துரைத்தது. கேரளத்தில் 'சேஃப் கேரளா' திட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட 726 கேமராக்கள் மூலம் 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கப்படுவதால், இத்தகைய பரிந்துரை மாநில ஓட்டுநர்களுக்கு முக்கியத்துவம் வாய்ந்ததாகும்.

சட்டம் என்ன கூறுகிறது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஜாமீனில் வெளிவந்தவர் தனது இருப்பிடத்தைக் கூகுள் வரைபடம் மூலம் விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2024 ஜூலை 8 அன்று அதே நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றம்சாட்டப்பட்டவரின் நடமாட்டத்தைக்கூட இடைவிடாது கண்காணிப்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவை மீறுவதாகும் என்பது இத்தீர்ப்பின் சாரம்.

தனியார் நிறுவனங்களைப் பொறுத்தவரை, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 முக்கியமானது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பிறகே நடைமுறைக்கு வருகின்றன.

அச்சட்டத்தின்படி, ஒப்புதல் என்பது சுதந்திரமாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும் தெளிவாகவும் பெறப்பட வேண்டும். அளித்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். தன்னைப் பற்றிய தரவுகளின் விவரத்தைக் கேட்கவும், திருத்தவும், அழிக்கக் கோரவும் உரிமை உண்டு. தரவுப் பாதுகாப்பில் தவறும் நிறுவனங்களுக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை அளிக்க வேண்டும் என்பதும் விதியாகும். இதனால், இடுக்கி மாவட்டத்தில் வாழும் தமிழ் ஓட்டுநர் அதைத் தமிழிலேயே கேட்டுப் பெற முடியும்.

எனினும், வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்கும், இழப்பிலிருந்து வேலை அளிப்பவரைக் காப்பதற்கும் ஒப்புதலின்றியே தரவைப் பயன்படுத்த அச்சட்டம் இடமளிக்கிறது. வாடகை வாகன ஓட்டுநர்களுக்கு இது பலவீனமான கண்ணியாக அமைகிறது.

வாகன உரிமையாளர்கள் கவனிக்க வேண்டியவை

* குறைவான தூரம் மட்டுமே ஓட்டுவோர், ஓடோமீட்டர் அடிப்படையிலான திட்டம் உள்ளதா என முதலில் கேட்கலாம். இருப்பிடத் தரவு தேவைப்படும் திட்டத்தைத் தேர்வு செய்வது கட்டாயமில்லை.

* மதிப்பெண் குறைந்தால் கட்டணம் உயருமா அல்லது தள்ளுபடி மட்டுமே குறையுமா என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டறிய வேண்டும்.

* காருடன் வரும் செயலியில் தரவுப் பகிர்வுக்கான அனுமதிகளைச் சரிபார்த்து, தேவையற்றவற்றை நிறுத்தலாம். அவசர உதவி, திருட்டு எச்சரிக்கை போன்ற வசதிகளும் அதனுடன் நின்றுவிடுமா என்பதைக் கவனிக்க வேண்டும்.

* காரை விற்கும் முன் செயலிக் கணக்கிலிருந்து வாகனத்தை நீக்கி, திரையில் சேமிக்கப்பட்ட முகவரிகளையும் கைப்பேசி எண்களையும் அழிப்பது அவசியம். பழைய கார் வாங்குவோர், முந்தைய உரிமையாளரின் இணைப்பு துண்டிக்கப்பட்டதை உறுதி செய்ய வேண்டும்.

* குறைகள் இருப்பின் முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் புகார் அளிக்க வேண்டும். தீர்வு கிடைக்காவிடில் ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' இணையதளத்தையோ, 155255 என்ற கட்டணமில்லா எண்ணையோ அணுகலாம். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லாவிட்டால் அல்லது பதில் திருப்தி அளிக்காவிட்டால், கட்டணமின்றிச் செயல்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடலாம். கேரளத்துக்கான அலுவலகம் கொச்சியிலும், தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையிலும் உள்ளன.

வாகனத் தரவுகளால் பயனே இல்லை எனக் கூற முடியாது. திருடப்பட்ட காரை மீட்கவும், பள்ளத்தில் கவிழ்ந்த வாகனத்தைக் கண்டறியவும், விபத்தில் தவறிழைக்காத ஓட்டுநர் தன் தரப்பை நிரூபிக்கவும் அவை உதவும். கவனமாக ஓட்டுபவர் குறைந்த கட்டணம் செலுத்துவதும் நியாயமே. ஆனால் அந்தக் கணக்கில் என்னென்ன சேர்க்கப்படுகின்றன என்பது ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தவறாகக் கணக்கிடப்பட்டால் அதை மறுத்துப் பேசும் வழியும் அவருக்கு இருக்க வேண்டும். யானைக்காக பிரேக் பிடித்தேன் என்று விளக்கம் அளிக்க இடமில்லாத மதிப்பெண் முறை, சின்னக்கானல் போன்ற ஊர்களில் கவனமான ஓட்டுநரையே தண்டிப்பதாக முடியும்.